பழைய பயிற்சியாளர் பட்டியலில் விடுபட்ட ஆண்டுகள்

வணக்கம். உங்கள் மெல்போர்ன் அமெச்சூர் ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) கிளப்பின் பட்டியலில் 1930, 40களில் பயிற்சியாளர் பெயர்கள் விட்டுப்போயிருப்பதாக எழுதியிருந்தீர்கள். முதலில், எல்லா இடைவெளியையும் நிரப்பப் பார்க்காதீர்கள். இரண்டாம் உலகப்போரின்போது விக்டோரிய மாநில அமெச்சூர் ஃபுட்டி சங்கம் போட்டிகளையே நிறுத்திவைத்திருந்தது. அந்த வருடங்களுக்கு நேராக ‘போர்க்காலம், ஆட்டமில்லை’ என்று போட்டுவிடுங்கள்.

மற்ற வருடங்களுக்கு அணித்தலைவர் பெயரைத் தேடுங்கள். அந்தக் காலத்தில் பல கிளப்களில் அணித்தலைவரே ஆடிக்கொண்டு பயிற்சியும் கொடுத்தார். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளத்தில் ‘ஆர்கஸ்’ என்ற பழைய மெல்போர்ன் நாளிதழ் இலவசமாகக் கிடைக்கிறது. ஏப்ரல் மாத இதழ்களில் கிளப் பெயரோடு ‘கோச்’ என்று போட்டுத் தேடுங்கள். சீசன் தொடங்கும் நேரம் அதுதான். பக்கப் படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் பெயர்களைச் சிதைத்திருக்கும், அதனால் பக்கத்தின் படத்தையும் பார்த்து உறுதிசெய்யுங்கள். அப்புறம், பெரும்பாலும் முதலெழுத்தும் குடும்பப்பெயரும்தான் இருக்கும். அண்ணன் தம்பி இருவரும் ஆடியிருந்தால் குழப்பம் வரும். கிளப்பின் ஆண்டறிக்கையோடு ஒப்பிட்ட பிறகே பெயரை ஏற்றுங்கள்.