ரோசாவின் களைப்பு

வணக்கம் சார்,

என் மகள் எட்டாம் வகுப்பு. பள்ளிப் பேச்சுப்போட்டியில் ரோசா பார்க்ஸ் பற்றிப் பேசுகிறாள். நாளெல்லாம் தையல் வேலை பார்த்துக் களைத்துப்போன ஓர் எளிய கறுப்பினப் பெண் பேருந்தில் வெள்ளையருக்கு எழுந்து இடம்விட மறுத்தார், அதை வைத்து மார்ட்டின் லூதர் கிங் பெரிய போராட்டத்தை உருவாக்கினார் என்று எழுதித் தந்திருக்கிறேன். எப்படி முடிக்கலாம்? இன்றைய பெண்களிடம் அந்தத் துணிச்சல் குறைந்துவிட்டதா?

கோ., திருப்பூர்

அன்புள்ள கோ.,

இரண்டாவது கேள்வியை விடுங்கள். இதை என்னிடம் கேட்டவர்கள் எல்லாரும் ஆண்கள்தான். மகளுக்காக உட்கார்ந்து எழுதுகிறீர்களே, அது பிடித்திருக்கிறது. எழுதியதுதான் தப்பு.

1955 டிசம்பர் 1 அன்று ரோசாவுக்கு வயது 42. உடம்புக் களைப்பு இல்லை, விட்டுக்கொடுத்தே அலுத்துப்போயிருந்தேன் என்று பின்னால் அவரே எழுதினார். 1943 முதல் என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பர் உரிமைச் சங்கத்துக்கு, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் அவர் ஊரான மாண்ட்கோமரியில் இருந்த கிளையின் செயலாளர். மாலை வாங்கிக்கொள்ளும் செயலாளர் இல்லை, கடிதம் அடித்துக் குறிப்பெடுக்கிற செயலாளர். வாக்காளராகப் பதிய ஒரு தேர்வு உண்டு, கறுப்பர்களை வடிகட்டுவதற்கு. இரண்டு முறை எழுதியும் ஓட்டு கிடைக்கவில்லை. மூன்றாம் முறை, வழக்குப் போட உதவுமே என்று, தன் விடைகளையெல்லாம் கையால் பிரதி எடுத்துக்கொண்டார். அந்தமுறை தேறிவிட்டார்! அதற்கப்புறமும் ஓட்டுப் போட ஒரு வரி, ஆண்டுக்கு ஒன்றரை டாலர் வீதம் பழைய பாக்கியோடு 16.50 டாலர்.

ஓட்டுரிமைப் போராட்டம் என்றால் எனக்கு ஊர்வலம் நினைவுக்கு வருவதில்லை. அந்தக் கைப்பிரதிதான் வரும்.

சரி, கிங். அவருக்கு அப்போது வயது 26. ரோசா கைதான இரவு ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, சக பேராசிரியர் ஒருவரும் இரண்டு மாணவர்களும் துணையிருக்க, பிரதி எடுக்கும் கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் விடியும்வரை துண்டறிக்கை ஓட்டினார். திங்களன்று யாரும் பேருந்தில் ஏறாதீர்கள் என்று பல்லாயிரம் தாள்கள். கிங்குக்குச் சேதி போனது மறுநாள் காலையில். ராபின்சனுடைய பெண்கள் அமைப்பு, இப்படியே போனால் பேருந்தைப் புறக்கணிப்போம் என்று 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் அனுப்பியிருந்தது. அந்தத் துண்டறிக்கையில் ராபின்சன் பெயர் இல்லை. அரசுக் கல்லூரி, தெரிந்தால் வேலை போய்விடும்.

என் அத்தை ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் அதே மாதிரி இயந்திரத்துக்கு ஸ்டென்சில் என்ற மெழுகுத்தாளில் எழுத்து வெட்டினாள். சின்ன வயதில் சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிப்போவாள். தப்பு விழுந்தால் திருத்தும் திரவத்தைத் தொட்டு வைத்து ஊதுவாள், அறை முழுக்க நகப்பூச்சு வாசனை. மை நகக்கண்ணில் ஏறி, சோறு பிசையும்போதும் கறுப்பாகவே தெரியும். ஒருமுறை நோட்டீஸின் அடியில், ஒரு மூலையில், தன் முதலெழுத்தைப் பொடியாக அடித்துவைத்தாள். தலைவர் பார்த்துவிட்டு, 'இது எதுக்கும்மா?' என்றார். அத்தை திரவத்தைத் தொட்டு அதை அழித்தாள். ஊதினாள். வேலைநிறுத்தம் ஜெயித்து நடந்த விழாவில் டீ ஏற்பாடு அவளுடையது.

ராபின்சன் பெயர் போடாததற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இருபது வருடமாக யோசிக்கிறேன், எனக்கு ஆறவில்லை.

புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. அத்தனை நாளும் ஜனங்களை ஏற்றிப்போன கார்களுக்குப் பெட்ரோல் யார் போட்டது? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி கூட்டாளிகளைச் சேர்த்துக் கேக்கும் வறுத்த கோழியும் விற்றுக் காசு கொண்டுவந்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 'எங்கிருந்தும் இல்லை' என்று சொல்ல வசதியாக, குழுவின் பெயரையே அப்படி வைத்திருந்தார்கள். கொடுத்தவர்களின் வேலை போகக்கூடாதே.

பேச்சின் முடிவைக் கேட்டிருந்தீர்கள், இல்லையா? ஐந்து நிமிடம் ஆனதும் மணி அடிப்பார்கள், முடிந்துவிடும். 'களைத்துப்போன' என்ற சொல்லை மட்டும் இன்று இரவே அடித்துவிடுங்கள்.