பழைய வெஸ்ட்செஸ்டர் வரைபடத்தில் பூங்கா ஏன் சாலையோடு நீள்கிறது?

அமெரிக்க மதுவிலக்குக் காலத்து (1920–33) வெஸ்ட்செஸ்டர் கவுண்டி (நியூயார்க் நகருக்கு வடக்கே உள்ள மாவட்டம் போன்ற பகுதி) வரைபடத்தில் பூங்கா நிலம் ஏன் நாடா மாதிரி சாலையோடு ஓடுகிறது, ஆண்டு அச்சிடாத பிரதியின் காலத்தை எப்படிக் கணிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பச்சை நாடா, நியாயமாகப் பார்த்தால், சாக்கடையில் தொடங்கியது. பிராங்க்ஸ் ஆறு கழிவுநீரால் கெட்டுப்போக, 1907இல் ஓர் ஆணையம் அமைத்துக் கரையோர நிலங்களைக் கையகப்படுத்திச் சீர்செய்தார்கள். அந்த நிலத்துக்குள்ளேயே வளைந்து வளைந்து போட்ட பிராங்க்ஸ் ரிவர் பார்க்வே என்ற பூங்காச் சாலை 1925இல் முடிந்தது. 1922இல் உருவான கவுண்டிப் பூங்கா ஆணையம், மற்ற ஆற்றோரங்களிலும் இதே வழியில் போனது.

சரி, காலம். ‘யு.எஸ். 1’ என்று தேசிய நெடுஞ்சாலை எண் இருந்தால், வரைபடம் பெரும்பாலும் 1926 நவம்பருக்குப் பிந்தையது; அந்த எண்முறை வந்தது அப்போதுதான். ரை நகரில் பிளேலேண்ட் கேளிக்கைப் பூங்கா திறந்தது 1928இல். அதையும் தேடிப் பாருங்கள்; திறந்த பூங்காவாக அது இருந்தால் வரைபடம் அதற்கு முந்தையது அல்ல.