வற்றலுக்கு எந்தத் தக்காளி?

கேள்வி: ஊரில் என் பாட்டி மொட்டை மாடியில் பாய் விரித்துத் தக்காளி வற்றல் போடுவார். சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சன்னலோரம் நானும் இரண்டு முறை காயவைத்தேன்; மூன்றாம் நாளே பூஞ்சை பிடித்துவிட்டது. தேக்கா சந்தையில் எந்தத் தக்காளியை வாங்கினால் வற்றல் சரியாக வரும்?

பதில்: தங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை, அம்மா. தக்காளியின் எடையில் ஏறக்குறைய 94 விழுக்காடு தண்ணீர். சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதமோ ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டைத் தாண்டுவதால், அந்தத் தண்ணீர் வெளியேறும் முன்பே பூஞ்சை முந்திக்கொள்கிறது. ஆகவே இங்கே வெயிலை நம்பாமல், உலர்த்தும் கருவியையோ அடுப்புப் பெட்டியையோ 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்து உலர்த்துவதே சரி.

வகையைப் பொறுத்தவரை, நிறத்தையும் பருமனையும் பார்த்து வாங்காதீர்கள். ஒரு பழத்தைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள்: ரோமா, சான் மார்சானோ போன்ற நீள்வடிவத் தக்காளிகளில் விதையறைகள் இரண்டு அல்லது மூன்றே இருக்கும், சுவர் தடித்திருக்கும், தட்டில் சாறு அதிகம் வழியாது. பெரிய உருண்டைத் தக்காளியிலோ அறைகள் பல. அது காய்ந்தால் தோலும் விதையுமே மிஞ்சும். இத்தாலியில் உலர்த்துவதற்கென்றே வளர்க்கப்படும் பிரின்சிப்பே போர்கேசே என்ற சிறு வகையின் விதை கிடைத்தால் தொட்டியில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் நம் இரவுச் சூட்டில் தக்காளிப் பூக்கள் பெரும்பாலும் காய் பிடிக்காமல் உதிர்ந்துவிடும்.

குழம்புக்காகத்தான் போடுகிறீர்கள் என்றால், பலரும் சொல்வதுபோல் விதையை வழித்தெறிய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. புளிப்பும் சுவையும் விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பான பகுதியில்தான் செறிந்திருக்கின்றன. ரோமாவுடன் பாதிக்குப் பாதி செர்ரித் தக்காளியும் சேர்த்தால், பாட்டி வைத்த குழம்பின் இனிப்பு கலந்த புளிப்பு ஓரளவு கைகூடும்.

நீளவாக்கில் இரண்டாக வகிர்ந்து, உப்புத் தூவி, வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி அடுக்குங்கள். ஒரு கிலோவுக்கு நூறு கிராம்கூடத் தேறாது. துண்டை மடித்தால் தோல்வார்போல் வளைய வேண்டும், அழுத்தினால் ஈரம் கசியக் கூடாது. அதன்பின் ஆறவிட்டு, இறுக மூடிய கண்ணாடிக் குப்பியில் குளிர்பதனப் பெட்டிக்குள் வையுங்கள். பூண்டோடு எண்ணெயில் ஊறவைத்து வெளியே வைப்பதை மட்டும் அறவே தவிருங்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும்.