மேஜரான பெண் வேலைக்குப் போக அப்பாவின் சம்மதம் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 22. பட்டப்படிப்பு முடித்துவிட்டேன். வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் சேர வேண்டும். அப்பா சம்மதிக்கவில்லை. மார்க் ஷீட், ஆதார் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். இரவானால் என் போனை வாங்கிப் பார்க்கிறார். ‘மீறிப் போனால் காணவில்லை என்று போலீசில் எழுதிக் கொடுப்பேன், சொத்தில் சல்லிக்காசு கிடையாது’ என்கிறார். அவர் கெட்டவர் இல்லை. என்னைப் படிக்க வைத்ததே அவர்தான். அவரைக் கோர்ட், ஸ்டேஷன் என்று அலையவிட எனக்கு மனமில்லை. நான் கிளம்பிப் போனால் தப்பா?

பதில்: தப்பே இல்லை. 1875ஆம் ஆண்டின் மேஜாரிட்டி சட்டப்படி 18 வயது முடிந்த நாளிலேயே நீங்கள் மேஜர். நாட்டின் எந்த ஊரிலும் தங்கவும், விரும்பிய வேலையைச் செய்யவும் அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. அப்பா சம்மதித்தால் மனசுக்குத் தெம்பு. ஆனால் சட்டம் அதைக் கேட்பதில்லை.

கேரளத்தில் தந்தையின் எதிர்ப்பை மீறித் திருமணம் செய்துகொண்ட, மேஜரான ஹாதியாவின் வழக்கு உங்களுக்கு நினைவிருக்கலாம். அவருடைய திருமணத்தை உயர் நீதிமன்றம் 2017இல் செல்லாது என்று அறிவித்துப் பெற்றோர் வீட்டில் விட்டது. அந்த ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில், என்ன வேண்டும் என்று கேட்டபோது அவர் கேட்டது சுதந்திரத்தைத்தான். படிப்பைத் தொடர சேலத்துக்கு அனுப்பப்பட்டார். 2018இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மேஜரான ஒருவரின் முடிவு பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக நீதிமன்றம் அதில் தலையிடாது என்பது இன்று உறுதியாகிவிட்ட சட்டம்.

உங்களை மிகவும் பயமுறுத்துவது ‘காணவில்லை’ புகார் என்று தெரிகிறது. புகார் கொடுத்தால் போலீஸ் தேடத்தான் செய்யும், அது அவர்கள் கடமை. ஆனால் கண்டுபிடித்ததும் அவர்கள் உங்களைக் கேட்க வேண்டியது, சொந்த விருப்பத்தில் போனீர்களா என்பதைத்தான். வழக்கறிஞரான என்னிடம் வந்த ஒரு பெண், ஏறக்குறைய உங்கள் வயது, ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதிரே அம்மா அழுதுகொண்டிருந்தார். ‘யாராவது கட்டாயப்படுத்தினார்களாம்மா?’ என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அந்தப் பெண் தன் பையிலிருந்து பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் நகலை எடுத்து, பிறந்த தேதியின் மேல் விரலை வைத்து, ‘இல்லை சார், நானாகத்தான் போனேன்’ என்றார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்று மாலையே விடுதிக்குத் திரும்பிவிட்டார்.

நீங்கள் அந்த பெஞ்சு வரைக்கும் போக வேண்டியதில்லை. கிளம்பும் முன் ஒரு கடிதம் எழுதுங்கள்: பெயர், வயது, வேலைக்காக சொந்த விருப்பத்தில் போகிறேன், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, இந்த விலாசத்தில் இருப்பேன். பணி ஆணையின் நகலை இணைத்து, உங்கள் பகுதி காவல் நிலையத்துக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். வீட்டிலும் ஒரு நகல் வையுங்கள். சொல்லிவிட்டுப் போகும் மகளாக இருங்கள், அப்பாவுக்கும் அது நல்லது.

சான்றிதழ்களுக்காகப் பீரோவோடு போராடாதீர்கள். அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் கிடைக்கும் சான்றிதழ்கள் அசலுக்குச் சமமானவை என்பதற்கு விதியே இருக்கிறது. ஆதாரை இணையத்திலேயே பதிவிறக்கலாம். டிஜிலாக்கரில் கிடைக்காததற்குத் தேர்வுத்துறையிலும் பல்கலைக்கழகத்திலும் நகல் சான்றிதழ் கேட்டு விண்ணப்பியுங்கள். நாளாகும் என்பதால் இன்றே தொடங்குங்கள். வங்கிக் கணக்கில் உங்கள் சொந்த போன் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சொத்து மிரட்டலில் பாதிதான் உண்மை. அப்பா சுயமாகச் சம்பாதித்ததை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், நீங்கள் வீட்டோடு இருந்தாலும் எழுதலாம். பூர்வீகச் சொத்து வேறு. நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வருபவரானால் அதில் மகனைப் போலவே பிறப்பால் பங்கு உண்டு. 2005 திருத்தத்தையொட்டி 2020இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. வேலைக்கு வெளியூர் போவதால் அந்தப் பங்கு போகாது.

போன் விஷயம்: அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஆனால் வீட்டுக்குள் இதற்கு வழக்கு போடுவதைவிட, கடவுச்சொல்லை மாற்றுவதே நடைமுறை.

ஒரு எல்லைக்கோடு மட்டும் சொல்கிறேன். உங்களை அறையில் வைத்துப் பூட்டினால் அது கோபம் அல்ல, குற்றம். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, மூன்று நாளோ அதற்கு மேலோ அடைத்து வைத்தால் மூன்றாண்டு வரை. அப்படி நடந்தால் தயங்காமல் அவசர உதவி எண் 112 அல்லது பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். நம்பகமான தோழி ஒருத்தியிடம் இப்போதே விஷயத்தைச் சொல்லி வையுங்கள். உங்கள் குரல் கேட்காமல் போனால், உங்கள் சார்பில் அவர் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது அடைத்து வைக்கப்பட்டவரை நீதிபதி முன் கொண்டுவரக் கேட்கும் மனு, போட முடியும்.

அவ்வளவு தூரம் போகாமல் முடிய வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுங்கள். வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு அங்கே உதவி இலவசம், தொலைபேசி 15100. வழக்குப் போடாமலேயே இரு தரப்பையும் அழைத்து உட்காரவைத்துப் பேசுவார்கள். அப்பாவை அங்கே அழைப்பது அவரைக் கூண்டில் ஏற்றுவது ஆகாது. பணி ஆணையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். சேரும் தேதிக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.