டைனமோவை கழட்டுறதுக்கு முன்னாடி அந்த சிவப்பு லைட் என்ன சொல்லுதுன்னு கேளுங்க

திருச்சியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். தாத்தா வச்சிருந்த 1972 அம்பாசடர் மார்க் 2, பெட்ரோல் வண்டி. பல வருஷமா ஷெட்ல நின்னதை எடுத்து டிங்கரிங் பெயிண்டிங் எல்லாம் முடிச்சு ரெண்டு மாசமா ஓட்டுறாராம். மூணு நாளைக்கு ஒருதடவை பேட்டரி டவுன் ஆயிடுது, காலைல செல்ஃப் எடுக்கல, வீட்ல எல்லாரையும் கூப்பிட்டு தள்ளித்தான் ஸ்டார்ட் பண்றார். புது பேட்டரி வாங்கிப் போட்டும் அதே கதை. மீட்டர்ல இருக்குற சிவப்பு சார்ஜிங் லைட் ஸ்லோல லேசா எரியுது, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தா அணைஞ்சிடுது, 40-ஐ தாண்டினா திரும்ப எரிய ஆரம்பிச்சு வேகம் ஏற ஏற பளிச்சுனு ஆகுது. மெக்கானிக் பார்த்துட்டு டைனமோ (எஞ்சின் ஓடும்போது கரண்ட் எடுத்து பேட்டரியை சார்ஜ் பண்றது) போச்சு, மாருதி ஆல்டர்னேட்டர் (அதே வேலையைச் செய்யுற புது வகை) போட்டுடலாம், பழசை கடையிலயே விட்டுடுங்கன்னு சொல்லிட்டாராம். போடலாமா, வேண்டாமாங்கறதுதான் கேள்வி. கட்அவுட் பெட்டி (என்னன்னு கீழே சொல்றேன்) மேல ஆர்பி 106-னு மாடல் நம்பர் இருக்குன்னும் எழுதியிருக்கார்.

தம்பி, உங்க டைனமோ போகல. நேர்ல பார்க்காம எப்படி சொல்றேன்னு கேட்பீங்க, நீங்க எழுதினதுலயே இருக்கு, வேகம் ஏற ஏற லைட் பளிச்சுனு ஆகுதுன்னு. செத்த டைனமோ அப்படி எரிய வைக்காது.

அந்த லைட்டுக்கு ரெண்டு கால். ஒண்ணு கீ சுவிட்ச் வழியா பேட்டரிக்கு போகுது, இன்னொண்ணு டைனமோவோட டி டெர்மினலுக்கு போகுது. பாடி எர்த்துக்கும் (கரண்ட் வண்டியோட இரும்பு வழியா பேட்டரிக்கு திரும்புற வழி) அதுக்கும் நேரடி சம்பந்தமே கிடையாது. கீ போட்டு எஞ்சின் ஓடாம இருக்கும்போது பேட்டரி பக்கம் 12 வோல்ட், டைனமோ பக்கம் ஒண்ணுமில்ல, அதனால நல்லா எரியும். எஞ்சின் ஓடி டைனமோவும் 12, 13-னு ஏறினா ரெண்டு பக்கமும் சமம், லைட் அணைஞ்சிடும். ரெண்டு தொட்டிலயும் தண்ணி ஒரே மட்டத்துல நின்னா நடுவுல இருக்குற பைப்ல தண்ணி ஓடாது இல்லையா, அதே கதைதான். இப்ப உங்க வண்டியில என்ன நடக்குதுன்னா, அணைஞ்ச லைட் வேகத்துல திரும்ப எரியுது, அப்படின்னா டைனமோ பக்கத்து மட்டம் பேட்டரியை தாண்டி மேல போயிட்டே இருக்கு, 20 வோல்ட், 25 வோல்ட் கூட இருக்கும், ஆனா அந்த கரண்ட் பேட்டரிக்கு வந்து சேரல. டைனமோ உயிரைக் கொடுத்து வேலை செய்யுது, நடுவுல கதவு மூடிக் கிடக்கு.

அந்தக் கதவுதான் கட்அவுட். (நம்ம ஊர்ல கட்அவுட்னா தியேட்டர் வாசல்ல பாலாபிஷேகம் வாங்குறதுதான் ஞாபகம் வரும், இது பானெட்டுக்குள்ள ஓரமா உட்கார்ந்திருக்குற சின்ன கருப்புப் பெட்டி.) மூடியை கழட்டினா உள்ள ரெண்டு காயில் தெரியும். ஒண்ணு கட்அவுட், டைனமோ சுமார் 13 வோல்ட் தொட்டதும் காந்தமாகி பாயிண்ட்டை ஒட்டி பேட்டரியோட சேர்த்து விடும், எஞ்சின் நின்னதும் பிரிச்சு விடும். இன்னொண்ணு ரெகுலேட்டர், வோல்ட் அளவுக்கு மேல போனா ஃபீல்டுக்கு (டைனமோவுக்குள்ள காந்தத்தை உண்டாக்குற காயில்) போற கரண்ட்டை குறைச்சு டைனமோவை அடக்கும். ரெண்டு காயிலும் வேலை செய்ய எர்த் வேணும், அது ஈ-ன்னு போட்டிருக்குற டெர்மினல் வழியாத்தான் வரணும். அந்த எர்த் இல்லேன்னா என்ன ஆகும்? கட்அவுட் ஒட்டாது, அதனால சார்ஜ் இல்ல. ரெகுலேட்டரும் தூங்கிடும், அதனால டைனமோவை அடக்க ஆளில்லாம வோல்ட் தறிகெட்டு ஏறும், லைட் பளிச்சுனு ஆகும். நீங்க எழுதினது அப்படியே இதான்.

இதுல கட்அவுட் பாயிண்ட் மட்டும் அழுக்காகி ஒட்டலேன்னா கதை கொஞ்சம் மாறும். ரெகுலேட்டர் உயிரோட இருக்குறதால 16 வோல்ட் பக்கத்துல பிடிச்சு நிறுத்திடும், லைட் மங்கலா எரிஞ்சு அப்படியே நிக்கும், வேகத்தோட ஏறிட்டே போகாது. இந்த வித்தியாசத்தை மட்டும் மனசுல வச்சுக்கங்க, பாதி வேலை முடிஞ்சுது.

இப்ப நான் உங்ககிட்ட ஒண்ணு கேட்கிறேன், பெயிண்ட் அடிக்கும்போது அந்தப் பெட்டியை கழட்டினாங்களா? கழட்டியிருப்பாங்க. ஈ வயர் பாடியில ஒரு போல்ட்ல முறுக்கியிருக்கும், அந்த இடத்துல பிரைமர், பட்டி, பெயிண்ட்டுன்னு மொத்தையா ஏத்திட்டு அது மேலயே வயரை வச்சு முறுக்கிட்டு போயிருப்பாங்க. பார்க்க கண்ணாடி மாதிரி இருக்கும், கரண்ட்டுக்கு அது சுவர். பெட்டியை பாடியில இறுக்கிட்டா எர்த் வந்துடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது வராது, ஈ வயர் தனியா போய் வெறும் இரும்பைத் தொடணும். பெயிண்ட் அடிச்சு வந்த பழைய வண்டிங்கள்ல சார்ஜிங் கம்ப்ளெயிண்ட்னு வந்தா நான் முதல்ல கை வைக்கிறது இங்கதான். ஒரு கல்யாண வண்டி, மூணு டைனமோ மாத்திட்டு என்கிட்ட வந்துச்சு. அந்த போல்ட்டை கழட்டி அடியில உப்புத்தாள் போட்டு தேய்ச்சேன், வாஷர் சைஸுக்கு வட்டமா இரும்பு பளபளன்னு வந்துச்சு, திரும்ப முறுக்கினேன், லைட் அணைஞ்சிடுச்சு. கூலி வாங்கவே எனக்கு கூச்சமா இருந்துச்சு.

நீங்க செய்ய வேண்டியது அஞ்சு நிமிஷ வேலை. ஒரு முழ நீளத்துல நல்ல வயர் எடுத்து ரெண்டு முனையும் சீவி, ஒரு முனையை ஈ டெர்மினல்ல கட்டுங்க, இன்னொரு முனையை டைனமோ பாடியில பளிச்சுனு இரும்பு தெரியுற போல்ட்ல கட்டுங்க, ஃபேன் பெல்ட்ல மாட்டாம பார்த்துக்கங்க. எஞ்சின் ஸ்டார்ட் பண்ணி மெதுவா ரேஸ் பண்ணுங்க. லைட் அணைஞ்சு அணைஞ்சபடியே இருந்தா கண்டுபிடிச்சாச்சு, அந்த எர்த் போல்ட்டை சுரண்டி சுத்தம் பண்ணி முறுக்கி மேல கொஞ்சம் கிரீஸ் தடவி விட்டுடுங்க. அப்படியே எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல பின்னல் பட்டை ஒண்ணு இருக்கணும், அதையும் பாருங்க, எஞ்சின் ரப்பர் மேல உட்கார்ந்திருக்கு, அந்தப் பட்டை இல்லேன்னா செல்ஃப் கரண்ட் சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியா திரும்பி கேபிள் சூடாகும். எர்த்தை சரி பண்ற வரைக்கும் இப்படியே வேகமா ஓட்டாதீங்க, அடங்காத வோல்ட்ல ஃபீல்டு காயில் வெந்துடும், அப்புறம் மெக்கானிக் சொன்னது நிஜமாயிடும்.

சரி, எர்த் கொடுத்தும் மாறலேன்னா? பேட்டரி டெர்மினலை கழட்டிட்டு கட்அவுட் பாயிண்ட்டை மெல்லிசு உப்புத்தாள் விட்டு ரெண்டு இழுப்பு இழுங்க, ஸ்பிரிட் தொட்ட துணியால துடைங்க. எமரி தாள் வேண்டாம், அதோட தூள் பாயிண்ட்ல ஒட்டிக்கும். இன்னொண்ணு, பேட்டரி மாட்டியிருக்கும்போது அந்த பாயிண்ட்டை விரலால அமுக்கி ஒட்டிப் பார்க்காதீங்க, பேட்டரி மொத்தமும் டைனமோ வழியா பாயும், பொறி பறக்கும், பாயிண்ட் ஒட்டிக்கிட்டா வயர் புகையும். ரெகுலேட்டர்ல இருக்குற ஸ்க்ரூவையும் திருகாதீங்க, முள்ளு மீட்டர் வச்சு பார்க்கத் தெரிஞ்சவர்தான் அதைத் தொடணும், வோல்ட் குறைவா இருக்குன்னு ஒருத்தர் அரை சுத்து கொடுத்து ஒரு மாசத்துல பேட்டரி தண்ணியெல்லாம் கொதிச்சுப் போன கேஸ் நான் பார்த்திருக்கேன்.

டைனமோ மேல இன்னும் சந்தேகம் இருந்தா அதையும் வண்டியிலயே வச்சு பார்த்துடலாம். டைனமோவுல இருந்து ரெண்டு வயரையும் கழட்டுங்க, பெரிய டெர்மினல் டி, சின்னது எஃப், பழைய வயரிங் அப்படியே இருந்தா பிரவுன்-மஞ்சள் டி-க்கு, பிரவுன்-பச்சை எஃப்-க்கு. ரெண்டு டெர்மினலையும் ஒரு துண்டு வயரால சேர்த்து, அதுக்கும் டைனமோ பாடிக்கும் நடுவுல மீட்டர் வைங்க, முள்ளு மீட்டரா இருந்தா நல்லது, டிஜிட்டல் மீட்டர் இங்க குதிச்சுக்கிட்டே இருக்கும். ஸ்லோல இருந்து மெதுவா ஏத்துங்க, முள்ளு சீரா ஏறி 20 வரைக்கும் வந்தா போதும், அதுக்கு மேல ரேஸ் பண்ணாதீங்க. அரை வோல்ட், ஒரு வோல்ட்லயே நின்னா ஃபீல்டு பக்கம் கோளாறு, 4, 5 வோல்ட்ல நின்னா ஆர்மேச்சர் (உள்ள சுத்துற காயில்), அசையவே இல்லேன்னா முதல்ல கார்பன் பிரஷ்ஷை பாருங்க, தேய்ஞ்சு குட்டையாகி இருக்கும், இல்லேன்னா வருஷக்கணக்கா நின்ன வண்டியில ஹோல்டர்லயே சிக்கிக்கிட்டு நிக்கும். பிரஷ் உரசுற செம்பு வளையம், அதான் கம்யூட்டேட்டர், கருத்திருந்தா பெட்ரோல் நனைச்ச துணியாலயே பாதி போயிடும். பின்னாடி புஷ்ஷுக்கு எண்ணெய் ஓட்டை ஒண்ணு இருக்கும், ரெண்டு மூணு சொட்டு எஞ்சின் ஆயில், அதுக்கு மேல விட்டீங்கன்னா பிரஷ்ல வந்து சேரும்.

நின்னு கிடந்த டைனமோவும் சரி, புதுசா காயில் கட்டின டைனமோவும் சரி, சில நேரம் காந்தத்தை மறந்திருக்கும். வயரெல்லாம் கழட்டி வச்ச நிலையில பேட்டரியோட பாடிக்கு போகாத முனையில இருந்து ஒரு வயர் எடுத்து அந்த சின்ன எஃப் டெர்மினலை ரெண்டு மூணு தடவை தொட்டு எடுங்க, லேசா பொறி வரும், ஞாபகம் வந்துடும். பேட்டரியை மாத்தும்போது பாசிட்டிவ் நெகட்டிவ் மாறிப் போச்சுன்னாலும் இதை செய்யணும், பழைய அம்பாசடர் சிலதுல பாசிட்டிவ்தான் பாடிக்கு போயிருக்கும், பேட்டரிக் கடைப் பையன் பழக்கதோஷத்துல நெகட்டிவ்வை பாடிக்கு கொடுத்துட்டு போயிடுவான். உங்க வண்டியில எதுன்னு முதல்ல பார்த்து ஒரு பேப்பர்ல எழுதி பானெட்டுக்குள்ள ஒட்டி வைங்க.

எல்லாம் சரியானதும் பேட்டரி முனையில மீட்டர் வச்சு பாருங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில 12.6 இருந்தா ஃபுல், 12-ன்னு காட்டினா கிட்டத்தட்ட காலி. எஞ்சினை நடுத்தர வேகத்துல ஓட விட்டா 14 பக்கத்துல வரணும். ஸ்லோல வராது, அது கோளாறு இல்ல, டைனமோவோட குணமே அப்படி, சிக்னல்ல நிக்கும்போது லைட் மினுக்கினா பயந்துடாதீங்க.

இப்ப ஆல்டர்னேட்டர் விஷயம். அது கெட்ட சாமான்னு நான் சொல்லல, சென்னை டிராஃபிக்ல தினம் ராத்திரி ஊர்ந்து போற வண்டின்னா நானே போடச் சொல்வேன். இந்த டைனமோ முழு வேகத்துல 22 ஆம்பியர் பக்கம் கொடுக்கும். 45 வாட் ஹெட்லைட் ரெண்டுக்கு ஏழரை, இக்னிஷன் காயிலுக்கு 4, பார்க்கிங், டெயில் லைட்டுக்கு ஒரு 2, மழை பெய்ஞ்சா வைப்பருக்கு 3, கூட்டினாலும் 17-ஐ தாண்டல. ஆனா யாராச்சும் ஹெட்லைட்டுக்கு 100/90 வாட் பல்பு மாட்டி விட்டிருந்தா அதுவே 17 ஆம்பியர் சாப்பிடும், அப்புறம் டைனமோ பாவம் என்ன பண்ணும். உங்க பல்புல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் எடுக்குற வண்டிக்கு டைனமோ தாராளம்.

ஒருவேளை மனசு மாறி ஆல்டர்னேட்டர்தான்னு முடிவு பண்ணா, நெகட்டிவ் பாடிக்கு போகணும், பாசிட்டிவ் எர்த் வண்டியில அப்படியே மாட்டினா உள்ள இருக்குற டயோடு அந்த நிமிஷமே காலி. ரெகுலேட்டர் அதுக்குள்ளயே இருக்குறதால கட்அவுட் பெட்டியை வயரிங்ல இருந்து விலக்கிடணும். 22 ஆம்பியருக்கு போட்ட 50 வருஷ வயர் புதுசு தர்ற கரண்ட்டை தாங்காது, பேட்டரிக்கு நேரா கனமான வயர் தனியா இழுக்கச் சொல்லுங்க. அந்த சிவப்பு லைட்டுல எல்இடி போட விடாதீங்க, ஆல்டர்னேட்டர் விழிக்கிறதே அந்த சின்ன பல்பு வழியா வர்ற கரண்ட்லதான். அப்புறம் பழைய டைனமோவையும் கட்அவுட் பெட்டியையும் கடையில விட்டுட்டு வராதீங்க தம்பி, துணியில சுத்தி டிக்கில போட்டு வீட்டுக்கு கொண்டு வாங்க, ஒரிஜினல் டைனமோவுக்கு நாளைக்கு நீங்களே தேடி அலைவீங்க.