மூன்று பாகம் என்றுதானே சொன்னார்கள்?

போன இதழில் ஒரு வாசகர், பாகம் பாகமாக நீளும் ஃபேன்டஸி நாவல்களைப் பற்றிப் புலம்பியிருந்தார். 'பிடிக்கவில்லை என்றால் மூடி வையுங்கள்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அது தப்பு என்று வந்து குவிந்த கடிதங்கள் சொல்கின்றன. இத்தனை பேர் இத்தனை வருடமாக இதை மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஆகவே இந்த முறை பக்கம் முழுக்க இதே பேச்சுதான். மற்ற கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'தி வீல் ஆஃப் டைம்' தொடரில் ஒன்பது பாகங்களை மூச்சுவிடாமல் படித்தேன். பத்தாவதில் பாதி தாண்டியும் யாரும் எதுவும் செய்தபாடில்லை. உடை மாற்றுகிறார்கள், தேநீர் குடிக்கிறார்கள், ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்கிறார்கள். குற்றம் என்னிடமா, புத்தகத்திலா?
(பத்தில் மாட்டியவன்)

பதில்: புத்தகத்தில்தான், சந்தேகமே வேண்டாம். ஒன்பதாம் பாகத்தின் முடிவில் கதையையே புரட்டிப்போடுகிற பெரிய காரியம் ஒன்று நடக்கிறது இல்லையா, பத்தாவது அங்கிருந்து முன்னே போகாமல், அது நடந்த அன்று மற்ற ஆட்கள் எல்லாம் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று திரும்பிப் போய்ச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறது. நீங்களாவது கையில் எல்லாப் பாகத்தையும் வைத்துக்கொண்டு படிக்கிறீர்கள். ஒன்பதாவது வந்தது 2000இல், பத்தாவது 2003இல், பதினொன்றாவது 2005இல். நடுவில் இருந்த வாசகனை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு என்ன ஆச்சு என்று கேட்டவனுக்கு, அன்றைக்கு இன்னும் நாலு ஊரில் என்ன ஆச்சு என்று பதில் வந்தது, அதுவும் இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து.

அத்தியாயச் சுருக்கம் எங்காவது கிடைத்தால் படித்துவிட்டுப் பதினொன்றுக்குத் தாவுங்கள், அதில் கதை மறுபடி ஓட ஆரம்பிக்கும். ஒரு பாகத்தைத் தாண்டிப் போனதற்காக யாரும் உங்களை வாசகர் கூட்டத்திலிருந்து தள்ளி வைக்கமாட்டார்கள். 'ஒன்பது பாகம் படித்துவிட்டேனே, இப்போது எப்படி விடுவது' என்றும் எழுதியிருக்கிறீர்கள். போட்ட பணத்தை எடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று சீட்டாட்டத்தில் உட்கார்ந்திருப்பவன் சொல்வதும் இதேதான்.

கேள்வி: மூன்று பாகம் என்று ஆரம்பிப்பது எப்படி ஏழாகிறது, பதினான்காகிறது? எல்லாம் பதிப்பாளர்களின் காசாசைதானே?
(கணக்குப் பார்ப்பவள்)

பதில்: காசு இல்லாமலா? விற்கும் என்று உறுதியான ஒரு பெயரை எந்தப் பதிப்பாளரும் சீக்கிரம் முடிக்கச் சொல்லமாட்டார். ஆனால் எல்லாப் பழியையும் அங்கே போட்டுவிட முடியாது. பாதிச் சிக்கல் கதைக்குள்ளேயே இருக்கிறது.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் வந்த கடிதங்களில் முக்கால்வாசி அவரைத் திட்டித்தான் வந்திருக்கின்றன. அவர் முதலில் நினைத்தது மூன்று புத்தகம். முதல் பாகம் 1996இல் வந்தது. அதில் கதையை எட்டுப் பேரின் கண் வழியாகச் சொன்னார். 2011இல் வந்த ஐந்தாம் பாகத்தில், முதலிலும் கடைசியிலும் வரும் தனி அத்தியாயங்களைத் தள்ளிவிட்டு எண்ணினால் பதினாறு பேர். சரியாக இரட்டிப்பு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பயணம், ஒரு பகை, ஒரு ரகசியம், கூட நாலு வேலைக்காரர்கள். ஒருவர் கப்பலில் போக மாதக்கணக்காகும், இன்னொருவர் அதே நேரத்தில் ஒரே இரவில் மூன்று கொலையைப் பார்த்துவிடுவார். இவர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும் என்றால் எழுதுகிறவர் ரயில்வே கால அட்டவணை போடுகிற மாதிரி உட்கார வேண்டும். மார்ட்டினோ தன்னைத் தோட்டக்காரர் என்று சொல்லிக்கொள்பவர். எழுத்தாளர்களில் வரைபடம் போட்டுவிட்டு வேலையை ஆரம்பிக்கும் கட்டிடக் கலைஞர்களும் உண்டு, விதை போட்டுவிட்டு என்ன முளைக்கிறது என்று பார்க்கும் தோட்டக்காரர்களும் உண்டு, நான் இரண்டாவது வகை என்பது அவர் பேச்சு. நல்ல பேச்சுதான், ஆனால் தோட்டம் காடாகிவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. மூன்றாம் பாகத்துக்குப் பிறகு கதையில் ஐந்து வருடம் தாண்டிவிடுவது அவருடைய திட்டம். குழந்தைகள் வளர்ந்திருப்பார்கள், நேராக விஷயத்துக்கு வந்துவிடலாம். எழுதிப் பார்த்தார், சிலருக்குப் பொருந்தியது, சிலருக்குப் பொருந்தவில்லை, விட்டுவிட்டார். தாண்டிப்போக நினைத்த இடத்தை இப்போது எழுதி நிரப்ப வேண்டியதாயிற்று. எழுதியது ஒரு புத்தகத்துக்குள் அடங்கவில்லை. ஆட்களைப் பிரித்து, பாதிப் பேரின் கதையை 2005இல் நான்காம் பாகமாக வெளியிட்டார்கள். மீதிப் பேரின் கதை அடுத்த வருடமே வந்துவிடும் என்று நம்புவதாக அந்தப் புத்தகத்தின் கடைசியிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. வந்தது 2011இல். டிரியன், ஜான், டேனேரிஸ் ஆகிய மூவரும்தான் பெரும்பாலான வாசகர்களின் செல்லப்பிள்ளைகள். அதற்கு முன் அவர்களின் அத்தியாயம் கடைசியாக வந்தது 2000இல். பதினோரு வருடம்! கல்லூரியில் சேரும்போது ஆரம்பித்த சந்தேகம், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது தீர்ந்திருக்கும். ஆறாம் பாகத்துக்கான காத்திருப்போ அதையும் தாண்டிவிட்டது. நடுவில் தொலைக்காட்சித் தொடர் புத்தகத்தை முந்திக்கொண்டு ஓடி 2019இல் முடிந்தும் போயிற்று.

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'ஸையும் மூன்று பாகமாகத்தானே படித்தோம் என்று நீங்கள் கேட்கலாம். அவர் எழுதியது ஒரே நாவல். போருக்குப் பிறகு காகிதம் விலை ஏறிக் கிடந்த காலம், அதனால் பதிப்பாளர் மூன்றாக வெட்டி 1954, 55இல் வெளியிட்டார். இரண்டாம் பாகம் நாயகன் ஃப்ரோடோ எதிரிகளிடம் பிடிபட்ட இடத்தில் முடிகிறது. அதை 1954 நவம்பரில் படித்தவர்கள் 1955 அக்டோபர் வரை நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். இருந்தாலும் கதை எழுதி முடித்தாகிவிட்டது. முன்னே பின்னே போய்த் திருத்தி, இழுத்துக் கட்டி, அப்புறம் வெட்டிய துண்டுகள் அவை. இன்றைய தொடர்களில் முதல் பாகம் கடைக்கு வரும்போது கடைசிப் பாகம் எழுத்தாளரின் தலைக்குள்கூட இருக்காது. ஐந்தாம் பாகத்தில் கதை முட்டிக்கொண்டு நிற்கிறது, அதற்குக் காரணம் இரண்டாம் பாகத்தில் சும்மா சொல்லிவைத்த ஒரு சத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அழிக்க முடியாது, லட்சக்கணக்கான வீடுகளில் அச்சாகிக் கிடக்கிறது. சுற்றித்தான் போக வேண்டும். அந்தச் சுற்று வழிதான் நமக்கு ஆயிரம் பக்கமாக வந்து சேர்கிறது.

அப்புறம் எடிட்டர்களின் கத்தரி. முதல் நாவல் எழுதுகிறவரிடம் 'இந்த அத்தியாயம் வேண்டாம்' என்று சொல்வது எளிது. உலகமே கொண்டாடுகிறவரிடம் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

கேள்வி: எழுத்தாளர் நமக்குக் கடன்பட்டவரா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

பதில்: ஒரே வார்த்தையில் முடியாது. அடுத்த பாகம் எழுதுவது அவருக்குக் கடன் அல்ல. நாம் காசு கொடுத்தது கையில் இருக்கும் பாகத்துக்கு. ஆனால் அந்தப் பாகத்துக்கு அதற்கென்று ஒரு முடிவு இருந்திருக்க வேண்டும், அதை நான் கேட்பேன். பெரிய போர் வெடிக்கப்போகிறது என்று எழுநூறு பக்கம் ஊதிவிட்டு, போருக்கு முந்தைய நாளில் அட்டையை மூடுகிற புத்தகம் அரைகுறைச் சரக்குதான்.

ஸ்டீபன் கிங்கின் 'தி டார்க் டவர்' தொடரின் முதல் பாகம் புத்தகமாக வந்தது 1982இல். மூன்றாம் பாகத்தை 1991இல், பைத்தியம் பிடித்த, பேசுகிற ரயில் ஒன்றுக்குள் நாயகர்கள் சிக்கியிருக்கும் இடத்தில் நிறுத்தினார். நான்காவது 1997இல் வந்தது, அதிலும் பெரும்பகுதி நாயகனின் இளமைக் கால ஃப்ளாஷ்பேக். இடையில் தனக்கு வந்த இரண்டு கடிதங்களைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். ஒன்று புற்றுநோயில் இருந்த ஒரு பாட்டி எழுதியது, மற்றொன்று மரண தண்டனைக் கைதி எழுதியது. இருவரும் கேட்டது ஒன்றுதான்: முடிவை எனக்கு மட்டும் சொல்லிவிடுங்கள், யாரிடமும் சொல்லமாட்டேன். கிங்கால் சொல்ல முடியவில்லை, அவருக்கே முடிவு தெரியாது. 1999இல் ஒரு வேன் மோதிப் பிழைத்தெழுந்த பிறகு, முடிக்காமல் போய்விடுவோமோ என்ற பயம் வந்து, மீதி மூன்று பாகங்களையும் 2003, 2004இல் வரிசையாக வெளியிட்டு முடித்தார்.

இதே கேள்வியோடு ஒரு வாசகர், இன்னொரு எழுத்தாளரின் வயதையும் உடல் எடையையும் கணக்குப் போட்டு, 'ஆள் போய்ச் சேருவதற்குள் எழுதிவிடுவாரா' என்று கேட்டிருக்கிறார். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கோபத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது ஐயா.

கேள்வி: கடைசிப் பாகம் வந்த பிறகுதான் முதல் பாகத்தையே வாங்குவது என்று முடிவெடுத்துவிட்டேன். சரிதானே?
(சூடு கண்ட பூனை)

பதில்: புரிகிறது, ஆனால் எல்லோரும் அப்படி இருந்தால் கடைசிப் பாகம் வரவே வராது. புது எழுத்தாளரின் முதல் பாகம் விற்காவிட்டால் பதிப்பாளர் மூன்றாவதை அச்சிட யோசிப்பார். நான் செய்வது இது: புதியவர் என்றால் முதல் பாகத்தை வாங்கிப் படித்துவிடுகிறேன், பெரிய பெயர் என்றால் பொறுமையாகக் காத்திருக்கிறேன். அவருக்கு என் ஒரு பிரதி வந்தால் என்ன, போனால் என்ன.

கேள்வி: வேறொருவர் எழுதி முடித்தால் அது அசல் ஆகுமா?

பதில்: ஆகாது. ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ தேவலாம். 'வீல் ஆஃப் டைம்' எழுதிய ராபர்ட் ஜோர்டன் நோய்வாய்ப்பட்டு 2007இல் இறந்தார். கடைசிக் காட்சியை எழுதிவைத்திருந்தார், மற்றதற்குக் குறிப்புகள் இருந்தன. அவருடைய மனைவிதான் எடிட்டரும். அவர் பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்து வேலையைக் கொடுத்தார். ஒரே புத்தகத்தில் முடிப்பேன் என்று ஜோர்டன் சொல்லிக்கொண்டிருந்தது மூன்றாகி, 2013இல் பதினான்காம் பாகத்தோடு முடிந்தது. பேச்சுநடை மாறியது தெரியும், நகைச்சுவை சில இடத்தில் ஒட்டவில்லை. ஆனால் இருபத்து மூன்று வருடம் கூட வந்தவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டுப் போக ஒரு ஆள் கிடைத்தார். நமக்கும் இது புதிதல்ல. கல்கி மறைந்தபோது பாதியில் நின்ற 'அமரதாரா'வை அவர் மகள் ஆனந்தி குறிப்புகளை வைத்து முடித்துக் கொடுத்தார்.

கேள்வி: அடுத்த பாகம் வருவதற்குள் பழையதெல்லாம் மறந்துபோகிறது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து படிக்க யாருக்கு நேரம்?

பதில்: ஒரு பாகம் முடித்த அன்றே, கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் பத்து வரி எழுதிவையுங்கள். யார் எங்கே நிற்கிறார், யாருக்கு யார் மேல் கோபம், யார் செத்ததாக நம்பப்படுகிறார். கடைசியாகச் சொன்னது முக்கியம், அவர் எப்படியும் திரும்பி வருவார்.

கேள்வி: ஒழுங்காக முடிந்த தொடர் ஒன்றுகூட இல்லையா?
(நம்பிக்கை இழந்தவள்)

பதில்: இருக்கிறதே. ஸ்டீவன் எரிக்சன் 1999இல் ஆரம்பித்த மலாசன் வரிசையைப் பத்துப் பாகம் என்று சொல்லி, 2011இல் பத்தோடு முடித்தார். எளிதான வாசிப்பு அல்ல, முதல் பாகத்தில் யார் யார் என்றே பிடிபடாது, ஆனால் சொன்ன சொல் தவறவில்லை. ராபின் ஹாப் செய்தது இன்னும் புத்திசாலித்தனம். 1995 முதல் 2017 வரை ஒரே உலகத்தில் பதினாறு புத்தகம் எழுதினார், ஆனால் மூன்று மூன்றாக, ஒரு தடவை மட்டும் நான்காக. ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு முடிவு உண்டு, எங்கே வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம். டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் நாவல்கள் நாற்பத்தொன்று, கிட்டத்தட்ட எதையும் தனியாக எடுத்துப் படிக்கலாம். நீளம் மட்டுமே குற்றம் என்றால் இவர்தான் முதல் குற்றவாளியாக இருந்திருக்க வேண்டும், அவரைத் திட்டி எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் எந்தத் தொடரில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்?

பதில்: பாட்ரிக் ராத்ஃபஸ் எழுதுகிற தொடரில். நாயகன் தன் கதையை மூன்று நாளில் சொல்லி முடிப்பதாக உட்காருகிறான், நாளுக்கு ஒரு புத்தகம். முதல் நாள் 2007இல், இரண்டாம் நாள் 2011இல். மூன்றாம் நாள் இன்னும் விடியவில்லை. இனி அதைத் தொடுவதில்லை என்று வீட்டில் அறிவித்து, இரண்டு பாகங்களையும் அலமாரியின் உச்சித் தட்டில் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டேன். போன மாதம் தூசி தட்டுகிறேன் என்று ஏணி போட்டு ஏறியவன், முதல் பாகத்தைத் திறந்து, ஏணியிலேயே உட்கார்ந்து நாலு அத்தியாயம் படித்துவிட்டுத்தான் இறங்கினேன்.