டார்மவுஸும் கொட்டை ஓடும்

அன்புள்ள ஐயா,

கணவரின் வேலைக்காக இங்கிலாந்தில் கென்ட் பகுதிக்குக் குடிவந்திருக்கிறோம். பக்கத்துக் காட்டில் டார்மவுஸ் என்ற எலி போன்ற சிறு விலங்கு இருக்கிறதா என்று தேடத் தன்னார்வலர்களைக் கூப்பிடுகிறார்கள். விலங்கைப் பார்க்கவே முடியாதாம், கொட்டை ஓடு பொறுக்கினால் போதுமாம். நான் படித்தது வணிகவியல். நான் போய் என்ன ஆகப்போகிறது?

கவிதா

அன்புள்ள கவிதா,

தயங்காமல் போங்கள். டார்மவுஸ் இரவில் மரக்கிளைகளில் திரிவது, குளிர்காலம் முழுக்கத் தரையில் சருகுக்கடியில் உறங்குவது. நிபுணர்களுக்கே எளிதில் கண்ணில் படாது. அதனால்தான் அது தின்றுவிட்டுப் போட்ட ஹேசல் புதரின் கொட்டை ஓடுகளைத் தேடுகிறார்கள். 1993இல் ‘கிரேட் நட் ஹன்ட்’ என்று பிரிட்டனில் நடந்த பெரிய தேடலில் ஓடு பொறுக்கியவர்கள் ஆயிரக்கணக்கான பொதுமக்கள்தான்.

கற்க வேண்டியது ஒன்றுதான். ஹேசல் கொட்டையை அணில் இரண்டாகப் பிளந்துவிடும். காட்டெலி வட்டமாகத் துளை போடும், ஆனால் துளையின் உள்விளிம்பில் நாணய ஓரத்தைப் போல வரிவரியாகப் பல்தடம் இருக்கும். டார்மவுஸ் கடித்த துளையில் உள்விளிம்பு வழவழவென்றிருக்கும், பல்தடங்கள் வெளியே, துளையைச் சுற்றிச் சாய்வாகப் பதிந்திருக்கும். ஓட்டினை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி லென்ஸில் பாருங்கள். கணக்கேட்டில் ஒரு பைசா வித்தியாசத்தைத் தேடிப் பழகிய கண்ணுக்கு இது பிடிபட்டுவிடும்.

பொதுவாக, காய்த்த ஹேசல் புதர்களின் அடியில் பத்து மீட்டர் சதுரம் குறித்துக்கொண்டு இருபது நிமிடம் தேடுவார்கள். இல்லையென்றால் அடுத்த சதுரம். இப்படி ஐந்து சதுரங்களிலும் கிடைக்காவிட்டால் அங்கே டார்மவுஸ் இல்லாதிருக்கவே வாய்ப்பு அதிகம். அதையும் அவசியம் எழுதிக் கொடுங்கள். வெறுங்கையோடு வந்தவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டால், எந்தக் காட்டிலிருந்து அது மறைந்தது என்பதே தெரியாமல் போகும். 2000க்குப் பிறகு பிரிட்டனில் அதன் எண்ணிக்கை 70 சதவீதம் சரிந்திருக்கிறது என்பதும், தன்னார்வலர்கள் வருடக்கணக்காக எண்ணிக் குறித்ததால் தெரியவந்ததுதான்.

ஓர் ஓடு உறுதியானால் போதும், அந்தக் காட்டில் எப்போது, எப்படி மரம் வெட்டுவது என்பதையே மாற்றியாக வேண்டும். டார்மவுஸ் அங்கே சட்டப் பாதுகாப்புள்ள விலங்கு. ஹனிசக்கிள் கொடியின் பட்டை நாரால் பின்னிய கூடு தென்பட்டால் தொடாதீர்கள், உரிமம் உள்ளவர்களே கையாளலாம்.

செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரை தேட நல்ல காலம். சந்தேகமான ஓடுகளைத் தூக்கிப்போடாமல், எடுத்த இடத்தையும் தேதியையும் எழுதி ஒரு டப்பாவில் போட்டு ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.